வெயிலில் மங்கிய படகு ஹேட்ச்

பாய்மரப் படகின் மேல்தளத்தில் வெளிச்சத்துக்காக வைக்கும் ஹேட்ச் மூடி பெரும்பாலும் அக்ரிலிக்தான். கரீபியன் போன்ற வெப்பக் கடல்களில் ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் அது மங்கி, நூல் நூலாக விரிசல் ஓடும். மேலோட்டமான கீறல் என்றால் நைஸான உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டுப் பார்க்கலாம். விரிசல் ஆழமாக இறங்கிவிட்டால் தேய்ப்பது வீண் வேலை, மாற்றிவிடுங்கள்.

பழைய தகட்டின் தடிமனிலேயே, ‘காஸ்ட்’ அக்ரிலிக் என்று கேட்டு வாங்குங்கள். பாலிகார்பனேட் உடையாது என்று கடைக்காரர் சொல்வார். உண்மைதான், ஆனால் சீக்கிரம் கீறல் விழும். 1 மீட்டர் அக்ரிலிக் 30 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் சுமார் 2 மி.மீ. நீளும். அதனால் சட்டத்தைச் சுற்றி இடைவெளி விட்டு, அக்ரிலிக்குக்கு ஏற்ற சிலிக்கோன் சீலன்ட் நிரப்ப வேண்டும். இறுக்கிப் பொருத்தினால் மறுபடி விரிசல்தான்.

துடைக்க அசிட்டோன், தின்னர், அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் எதுவும் ஆகாது. மென்மையான சோப்பு, நல்ல தண்ணீர், மெத்தென்ற துணி போதும். படகு சும்மா நிற்கும் நாட்களில் வெளிப்பக்கம் துணி உறை போடுங்கள். உள்ளே திரை மாட்டினால் அறைக்குத்தான் நிழல், அக்ரிலிக்குக்கு அல்ல.