கைப்பிடிச் சுவரின் உயரம்

2009 ஏப்ரல் முதல் 2012 மார்ச் வரை மாதம் ஒரு முறை செய்யாற்றுப் பக்கம் போய் 48 கிணறுகளில் நீர்மட்டம் அளந்தேன். முனைவர் பட்டத்துக்கான களப்பணி. நுனியில் எடை கட்டிய அளவுநாடாவைக் கிணற்றுக்குள் இறக்குவோம். அது தண்ணீரைத் தொடும் சத்தம் கேட்டதும் நிறுத்தி, எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவோம். மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளை ஆண்டுக்கு 4 முறை அளக்கிறது. என்னிடம் பன்னிரண்டு மாதக் கணக்கும் இருந்தது. அந்த எண்களைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. இன்றும் உண்டு.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டு, ஆய்வில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். இந்த வறட்சியில் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பழைய கணக்கோடு ஒப்பிட விரும்பினாள். எக்செல் கோப்பைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தாள்.

“மேடம், ‘நீ.ம.’ன்னு போட்டிருக்கீங்களே, அது தரையிலேர்ந்து அளந்ததா, கைப்பிடிச் சுவத்து மேலேர்ந்து அளந்ததா?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

நீரியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பிழை என்று தெரியும். எந்த இடத்திலிருந்து அளக்கிறோமோ அதுதான் அளவைப் புள்ளி. அதைக் குறிக்காத நீர்மட்டத்துக்குப் பொருளே கிடையாது. அந்தப் பகுதியில் கைப்பிடிச் சுவர்கள் முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை இருக்கும். பல கிணறுகளுக்குச் சுவரே கிடையாது. அவள் தேடிய மாற்றமோ, பல கிணறுகளில் ஒரு மீட்டர் அளவுதான். அளவைப் புள்ளி தெரியாவிட்டால் நீர் இறங்கியதா, என் நாடா வைத்த இடம் மாறியதா என்று சொல்ல வழியில்லை. ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட எண்கள் ஒன்றுகூடத் தொலையாமல் இருந்தன. அவற்றின் பொருள்தான் தொலைந்திருந்தது.

களத்தில் எனக்கு நாடா பிடித்த தம்பி அப்போது ஆரணியில் ஒரு கடையில் இருந்தார். அவருக்கு நினைவிருந்தது. “அக்கா, முதல்ல சுவத்து மேல வச்சுத்தான் அளந்தோம். சுவரில்லாத கிணறுங்க நெறைய வந்ததும், இனிமே எல்லாத்தையும் தரையிலேர்ந்து அளக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. ஆடி மாசம், பம்ப்செட் கொட்டாய்ல உக்காந்து சொன்னீங்க.” குறிப்பேட்டைப் புரட்டினேன். 2009 ஜூலைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ‘த’ என்ற ஒற்றை எழுத்து. தரை. எழுதிய அன்று எனக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது.

நானும் மாணவியும் அந்தத் தம்பியும் மூன்று நாள் ஊர் ஊராகப் போய், முதல் மாதங்களில் அளந்த சுவர்களின் உயரத்தை அளந்தோம். ஏழு கிணறுகளில் சுவர் இடிந்தோ, உயர்த்திக் கட்டப்பட்டோ இருந்தது. அந்த ஏழின் முதல் மூன்று மாத எண்களை விட்டுவிட்டோம். மற்றவை மீண்டன.

அன்றிலிருந்து என்னிடம் ஆய்வு செய்பவர்கள் முதல் நாள் திறக்கும் கோப்பு எக்செல் கிடையாது, சாதாரண உரைக் கோப்பு ஒன்று. பெயர் ‘முதலில் படிக்கவும்’. ஒவ்வொரு தலைப்புக்கும் முழுப்பெயர், அலகு, எதை வைத்து அளந்தோம், எங்கிருந்து அளந்தோம், முறை எந்தத் தேதியில் மாறியது, ஏன் மாறியது. இதைக் களப்பணி நடக்கும்போதே, அன்றன்று மாலையில் எழுத வேண்டும். ஆய்வேடு முடியட்டும், எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தால் ‘த’ மட்டும்தான் மிஞ்சும். எழுதியபின் வேறு துறை மாணவர் ஒருவரிடம் கோப்பைக் கொடுத்து, எங்களிடம் எதுவும் கேட்காமல் ஒரு வரைபடம் போடச் சொல்வோம். அவர் எந்த இடத்தில் தடுமாறுகிறாரோ அந்த இடத்தில் விளக்கம் குறைகிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல சோதனையை நான் இதுவரை கண்டதில்லை.

வெற்றுக் கட்டங்களையும் சொல்லியாக வேண்டும். என் கோப்பில் சில மாதங்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. கிணறு வற்றியிருந்ததா? காய்ச்சலில் நான் போகவில்லையா? சொந்தக்காரர் ஊரில் இல்லாமல் வேலிக் கதவு பூட்டியிருந்ததா? மூன்றும் மூன்று வெவ்வேறு செய்தி, அதிலும் வற்றிய கிணறு வறட்சி ஆய்வில் மிக முக்கியமான செய்தி. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு வைக்கிறோம். இல்லாத அளவுக்குப் பூச்சியம் போடுவதைக் கண்டால் எனக்குக் கோபமே வரும். நீர்மட்டத்தில் பூச்சியம் என்றால் கிணறு தரைவரை நிரம்பி நிற்கிறது என்று பொருள்.

தேதியிலும் இதே கதைதான். 03/04/2010 என்பது நமக்கு ஏப்ரல் 3, அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச் 4. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2010-04-03 என எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது, கோப்புப் பெயர்களும் தாமாகவே கால வரிசையில் அமைந்துவிடும். எக்செல் தேதியைக் கையாளும் விதம் உயிரியலாளர்களையே பணிய வைத்தது. செப்ட்1, மார்ச்1 போன்ற மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் பன்னாட்டுக் குழு 2020இல் அந்தப் பெயர்களையே மாற்றியது. எக்செல்லில் வேலை செய்யலாம், தவறில்லை. ஆனால் காப்பகத்துக்குப் போகும் பிரதி சிஎஸ்வி என்னும் எளிய வடிவில் இருக்கட்டும். தமிழ் எழுத்துள்ள சிஎஸ்வி கோப்பை நேரடியாகச் சொடுக்கித் திறந்தால் எக்செல்லில் சில நேரம் கோணல்மாணலாகத் தெரியும், பயந்துவிட வேண்டாம். தரவை உள்ளே கொண்டுவரும் வழியில் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

இந்தக் கோப்பு 2017வரை பிழைத்திருந்ததே தற்செயல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் துறையின் தரைத்தளத்தில் மார்பளவு தண்ணீர். கணினியும், அதன் பிரதி இருந்த ஹார்டு டிஸ்க்கும், பிரதியின் பிரதி இருந்த சிடிகளும் ஒரே அறையில் இருந்தன. டிஸ்க்கும் சிடியும் ஒரே பீரோவில், ஒரே தட்டில். மூன்று பிரதி இருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். இருந்தது ஒன்றுதான். என்னைக் காப்பாற்றியது மதுரையில் இருக்கும் தோழி. ஒரு வரைபடத்தில் சந்தேகம் வந்து 2012இல் அவளுக்கு முழுக் கோப்பையும் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அவள் அதை அழிக்கவில்லை.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்று துறையில் ஒரு கணக்குச் சொல்வார்கள். வெளியூர் என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டடம் வெளியூர் ஆகாது, ஒரே வெள்ளம் இரண்டையும் மூழ்கடிக்கும். இன்னொன்று, எடுத்த பிரதியைத் திறந்து பார்த்தால்தான் அது பிரதி. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில் 2021 டிசம்பரில் ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்துபோனது. பிரதி எடுப்பதற்காக வைத்திருந்த நிரலில் நேர்ந்த பிழைதான் அவற்றை அழித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே நடக்கும் என்றால் நம் பென்டிரைவ் எம்மாத்திரம்! நாங்கள் தைக்கும் ஆடிக்கும் ஒரு முறை வெளியூர்ப் பிரதியை இறக்கித் திறந்து பார்க்கிறோம். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணை முன்பே எழுதி வைத்திருக்கிறோம். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும், அதனால் ஒப்பிடுவது எளிது.

எண்களோடு விவசாயிகளின் பேட்டிகளும் இருந்தன. பேச்சைக் கேட்டுத் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். புதுக் கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். பாமினியில் மெய்யெழுத்தின் தலையில் நாம் பார்க்கும் புள்ளி, கோப்புக்குள் வெறும் அரைப்புள்ளியாகத்தான் இருக்கிறது. எழுத்துரு இல்லாவிட்டால் வேடம் கலைந்துவிடும். மாற்றும் மென்பொருளில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்தோம். நடுவே ஆங்கிலத்தில் தட்டியிருந்த மோட்டார் குதிரைத்திறன், ஊர்க் குறியீடு எல்லாம் தமிழ் எழுத்தாகிக் குலைந்துபோயின, அவற்றைக் கையால் திருத்தினோம். நம் பல்கலைக்கழகத் துறைகளின் கணினிகளில் பழைய எழுத்துருக்களில் முடங்கிக் கிடக்கும் களப்பதிவுகளை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. தட்டச்சு செய்தவர்கள் ஓய்வு பெறுமுன் மாற்றிவிடுங்கள். எந்த எழுத்துரு என்று சொல்ல அவர்களாவது இருக்கிறார்கள்.

அடுத்தது பகிர்வது. நம் நாட்டு ஆய்வேடுகளைச் சோத்கங்கா காக்கிறது. அதில் இருப்பது பிடிஎஃப். என் 48 கிணறுகள் அதில் நான்கு வரைபடங்களாகச் சுருங்கிக் கிடக்கின்றன. தரவுக்கென்று தனி இடம் வேண்டும். நான் தேர்ந்தது செனோடோ. 2013 முதல் செர்ன் ஆய்வகம் நடத்துவது, கட்டணமில்லை, ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம். டிஓஐ என்ற நிலையான எண் தருகிறது. இணையதளத்தின் முகவரி மாறினாலும் அந்த எண்ணைப் பிடித்துக் கோப்பைக் கண்டடையலாம். பிழை திருத்தினால் புதிய பதிப்பாக ஏற்றலாம், பழையதும் அங்கேயே இருக்கும்.

என் சகாக்கள் பலர் கேட்பது, வேறொருவர் எடுத்து முந்திக்கொண்டு கட்டுரை எழுதிவிட்டால் என்ன செய்வது என்று. நியாயமான பயம். கட்டுரை வரும்வரை கோப்பைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, தயங்காமல் பயன்படுத்துங்கள். தேதியிட்ட டிஓஐ இருப்பதால் யார் அளந்தது என்ற வழக்கும் எழாது. கேட்டால் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கணினியிலேயே வைத்திருப்பதைத்தான் நான் நம்புவதில்லை. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 516 உயிரியல் கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் தரவு கேட்டுப் பார்த்து 2014இல் எழுதினார்கள். கட்டுரைக்கு வயது ஏற ஏற, தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு ஆண்டுக்கு 17 விழுக்காடு குறைந்துகொண்டே போயிருந்தது. அவர்களும் கேட்டால் தருகிறேன் என்று மனதாரச் சொன்னவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும் பகிர்ந்துவிடவும் இல்லை. கிணற்றின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளி ஒரு குடும்பத்தின் நிலத்தையும் வீட்டையும் காட்டிக் கொடுக்கும். பொதுப் பிரதியில் இரண்டு தசம இடத்தோடு நிறுத்தினேன், அது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வட்டாரத்தை மட்டும் காட்டும். பேட்டிகளில் பங்காளிச் சண்டை, கடன், பக்கத்து நிலத்தில் இரவோடிரவாகப் போட்ட போர்வெல் எல்லாம் வருகின்றன. என்னை நம்பிப் பேசியவை அவை. 2009இல் நான் வாங்கிய ஒப்புதல் என் ஆய்வேட்டுக்கு மட்டும்தான். உலகம் கேட்கலாமா என்று நான் கேட்டிருக்கவே இல்லை. ஆகவே குரல் பதிவுகளைப் பூட்டிய பிரதியாக வைத்துவிட்டு, திரும்பப் போய் ஒவ்வொருவராகக் கேட்டேன். சிலர் சரி என்றார்கள். ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார், அவர் மகள் வேண்டாம் என்றார். அந்தப் பதிவு என்னோடு இருக்கிறது, வேறெங்கும் போகாது.

அப்படிப் போனபோது ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் கிணற்றின் கணக்கை ஒரே தாளில் அச்சிட்டுக் கொண்டுபோனேன். பத்து ஆண்டுகளுக்கு முன் அளந்ததை அவர்களுக்கு நான் காட்டியதே இல்லை. ஒருவர் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, விரலை வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டே போனார். விரல் 2010 மே மாதத்தில் நின்றது.

“இதென்னம்மா, இங்க ஒண்ணும் போடல?”

“அந்த மாசம் எழுத விட்டுப்போச்சுங்க ஐயா. ஏன்னு எனக்கே ஞாபகம் இல்ல.”

“நீதானே வந்து பார்த்துட்டுப் போன. அக்னி நட்சத்திரம். நாடாவை உட்டா தண்ணியே இல்ல, பாறையில போயி டங்குன்னுச்சே. என் பேத்திக்குக் காதுகுத்து வச்ச வாரம், அதான் தெரியும்.”

குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தில் ஊரில் காதுகுத்து என்று என் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது. அடுத்த வாரம் செனோடோவில் இரண்டாம் பதிப்பை ஏற்றினேன். மாற்றக் குறிப்பில் ஒரே வரி: கிணறு 31, 2010 மே, வெற்றிடம் ‘வற்றியது’ எனத் திருத்தப்பட்டது, சான்று, கிணற்றின் உரிமையாளர்.