எது முதலில் காயும்?

ஈரத் துணியைக் கொடியில் போடுகிறோம். சிறிது நேரத்தில் அது காய்ந்துவிடுகிறது. துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது? ஆவியாகிக் காற்றில் கலந்துவிட்டது.

தண்ணீரைப் போல மற்ற திரவங்களும் ஆவியாகின்றன. ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை.

செய்து பாருங்கள்

அடுப்போ விளக்கோ எரியாத இடத்தில் ஒரு தட்டை வையுங்கள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு ஸ்பிரிட், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைத் தள்ளித் தள்ளி விடுங்கள்.

முதலில் காய்வது ஸ்பிரிட். அடுத்தது தண்ணீர். எண்ணெய் மறுநாளும் அப்படியே இருக்கும்.

காரணம் என்ன?

திரவங்கள் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனவை. துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிட்டில் இந்தப் பிடி தளர்வானது. துகள்கள் எளிதில் விடுபட்டுப் பறந்துவிடும். தண்ணீரில் பிடி அதைவிட வலுவானது. எண்ணெயில் துகள்கள் பெரியவை; பிடியும் மிக வலுவானது. தண்ணீர் 100 டிகிரி சூட்டில் கொதிக்கிறது. ஸ்பிரிட் சுமார் 80 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஆவியும் தீயும்

தண்ணீர் ஆவி தீப்பிடிக்காது. ஸ்பிரிட், பெட்ரோல் ஆவிகள் தீப்பிடிக்கும். பெட்ரோல் தண்ணீரைவிட மிக வேகமாக ஆவியாகும். கடும் குளிரில்கூட அதன் ஆவி தீப்பிடிக்கும். அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது. காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். ஓரிடத்தில் பெட்ரோல் சிந்தினால், தள்ளி எரியும் அடுப்பிலிருந்தும் தீ தாவி வரும்.

மண்ணெண்ணெய் மெதுவாகவே ஆவியாகும். அதனால்தான் அதைத் திரி ஸ்டவ்வில் ஊற்றி எரிக்க முடிகிறது. அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருந்தாலும் ஆபத்து. ஸ்டவ்வுக்குள் ஆவி நிறைந்து தீப்பிடித்து வெடிக்கலாம்.

2020ஆம் ஆண்டு கொரோனா பரவியபோது, கை துடைக்கும் சானிடைசர் பல வீடுகளுக்கு வந்தது. பெரும்பாலான சானிடைசர்களில் ஸ்பிரிட்டைப் போன்ற ஆல்கஹால் உண்டு. அதைத் தடவிய கையோடு உடனே தீக்குச்சி உரசக் கூடாது. கை நன்றாகக் காய வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. பெட்ரோலை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.
2. எரியும் ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். அணைத்து, ஆறவிட்டு ஊற்றுங்கள்.
3. பெட்ரோல் வாசனை வந்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். மின்விளக்குச் சுவிட்சையும் தொடாதீர்கள். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள்.

சீக்கிரம் காயும் திரவம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது தீப்பிடிக்குமா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. தண்ணீர், ஸ்பிரிட், எண்ணெய்: எது முதலில் காயும்? ஏன்?
2. பெட்ரோல் ஆவி ஏன் தரையோடு பரவுகிறது?
3. உங்கள் வீட்டில் சீக்கிரம் ஆவியாகும் திரவங்கள் எவை? அவை அடுப்புக்கு அருகில் இருக்கின்றனவா?