பட்டம் வாங்கியவர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் முனைவர் பட்டப் பதிவு பற்றி நீ கேட்டவற்றுக்கெல்லாம் எளிதில் பதில் எழுதிவிடலாம். இடையில் வந்த ஒரு வரிதான் என்னை உறுத்துகிறது. ‘அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவர்களை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் வைத்திருக்கிறார்களாமே, சர்வே எடுப்பதெல்லாம் ஆய்வாகுமா ஐயா?’ என்று கேட்டிருந்தாய். ஆகும். அந்த மையத்தை நடத்தியவர்கள் யார், எதற்காக அந்த வேலையில் இறங்கினார்கள் என்று தெரிந்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டாய்.

நீ சொல்வது சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மையம். 2000-களின் தொடக்கத்தில் அதை நிறுவியவர் மரேசி நெராட். ஜெர்மனியில் பிறந்து, கலிபோர்னியாவின் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆனால் கதை சியாட்டிலுக்கு முன்பே, பெர்க்லியிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே முதுநிலைப் படிப்புகளுக்குப் புலத் தலைவராக இருந்தவர் ஜோசப் செர்னி. அவர் அணுக்கரு வேதியியலாளர். கோபால்ட்-53 அணுக்கருவிலிருந்து புரோட்டான் தானாக வெளியேறுவதை 1970-இல் கண்டறிந்த குழுவில் ஒருவர். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாத பழக்கம் அவருக்குத் தொழிலோடு வந்தது. தன் அலுவலகத்தில் மாணவர்களைப் பற்றிச் சொல்லப்பட்டவற்றையும் அவர் அப்படித்தான் அணுகினார். நெராடும் அவரும் சேர்ந்து 1991-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கலைப்புல மாணவர்கள் பட்டம் முடிக்க அறிவியல் மாணவர்களைவிட ஏன் அதிக ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதே கேள்வி.

இதற்குப் பேராசிரியர்கள் எல்லா நாட்டிலும் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: மாணவனுக்குச் சோம்பல். நெராடும் செர்னியும் பட்டப்படிப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வண்டி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தார்கள். வகுப்புகளை முடிப்பதிலோ தேர்வு எழுதுவதிலோ பெரிய சிக்கல் இல்லை. தலைப்பைத் தேடி, கைடைத் தேடி, ஆய்வுத் திட்டத்தை எழுதும் இடைப்பட்ட காலத்தில்தான் பலர் தேங்கி நின்றார்கள். அறிவியல் மாணவனுக்குக் கேள்வி பெரும்பாலும் ஆய்வுக்கூடத்திலிருந்தே கிடைத்துவிடுகிறது. பக்கத்து மேசையில் இன்னொருவன் அதையே வேறு கோணத்தில் செய்துகொண்டிருக்கிறான், பேராசிரியர் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். இலக்கியமோ வரலாறோ படிப்பவன் நூலகத்தில் தனியே உட்கார்ந்து கேள்வியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். மாதக்கணக்கில் அவனை யாரும் கேட்பதில்லை. பணமும் ஒரு காரணம்: உதவித்தொகையில் படித்தவர்களைவிட, கடன் வாங்கியும் வெளிவேலை பார்த்தும் படித்தவர்களுக்கு ஆண்டுகள் நீண்டன.

காரணம் தெரிந்ததும் அறிக்கையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. ஆய்வுத் திட்டம் எழுதப் பட்டறைகள் நடத்தினார்கள். ஆய்வேட்டுக் குழுவில் குறைந்தது இருவர் மாணவரை ஆண்டுதோறும் சந்தித்தே ஆக வேண்டும் என்பது விதியானது. சர்வே என்று நீ இளக்காரமாகச் சொன்ன பொருளிலிருந்து பிறந்த விதி அது.

நெராட் இந்தக் கண்ணை எங்கே பெற்றார் என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. அவருடைய ‘தி அகாடமிக் கிச்சன்’ என்ற நூலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அது பெர்க்லியின் மனையியல் துறை வரலாறு. வெளியிலிருந்து பார்த்தால் சமையல் வகுப்பு. உள்ளே ஆக்னஸ் ஃபே மார்கன் இருந்தார். 1914-இல் சிகாகோவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்க்லிக்கு வந்தவர். வேதியியல் துறையில் அவருக்கு இடமில்லை, பெண் என்பதால் மனையியல் பக்கம் அனுப்பப்பட்டார். மனம் தளராமல் அந்தத் துறைக்குள்ளேயே வைட்டமின் ஆய்வுக்கூடத்தை வளர்த்தார். தன் மாணவிகள் வேதியியலைக் கடுமையாகப் படித்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். பாண்டோதெனிக் அமிலக் குறைவு அட்ரினல் சுரப்பியைப் பாதிப்பதைக் காட்டிய ஆய்வு அங்கே நடந்தது. 1949-இல் அமெரிக்க வேதியியல் கழகத்தின் கார்வன் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. இத்தனைக்குப் பிறகும் பல்கலைக்கழகத்தின் கண்ணுக்கு அது அடுப்படிதான். 1954-இல் அவர் ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் மனையியல் பெர்க்லியிலிருந்து மறைந்தது. ஊட்டச்சத்து அறிவியல் மட்டும் தங்கியது.

வளாகத்தில் எந்தத் துறைக்கு எவ்வளவு இடம், எந்த வேலைக்கு எவ்வளவு மதிப்பு, யாரை எங்கே ஒதுக்கிவைத்தார்கள் என்று கோப்புகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தவருக்கு, பல்கலைக்கழகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே ஏற்க முடியாது. அதனால்தான் அடுத்து அவர் கேட்டது, பட்டம் வாங்கிப் போனவர்கள் எங்கே போனார்கள் என்று. நூலகத்தில் கிடைத்தால் இந்த நூலை முழுதாகப் படி. பின்னட்டையைப் படித்துவிட்டு நூலைப் பற்றிப் பேசும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. உன்னிடம் அதை நான் பார்க்க விரும்பவில்லை.

அவர் கேட்ட கேள்விக்குத் திரும்புவோம். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெறும் ஒவ்வொருவரிடமும் 1957 முதல் ஒரு படிவம் கொடுத்து விவரம் வாங்குகிறார்கள். அதை நிரப்புவது பட்டம் பெறும் காலத்தில். அன்றைக்கு இருப்பது திட்டம் மட்டும்தான். அது நடந்ததா என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று தொடரும் கணக்கெடுப்பும் உண்டு. ஆனால் கலைப்புலத்தாரை அதிலிருந்து 1995-க்குப் பிறகு விட்டுவிட்டார்கள். நெராடும் செர்னியும் அதே தொண்ணூறுகளின் நடுவில், மெலன் அறக்கட்டளையின் உதவியோடு, பத்தாண்டுக்கு முன் பட்டம் பெற்றவர்களைத் தேடிப் போனார்கள். 61 பல்கலைக்கழகங்கள். உயிர்வேதியியல், கணினி அறிவியல், மின்பொறியியல், ஆங்கிலம், கணிதம், அரசியல் அறிவியல் என்று ஆறு துறைகள். 1980-களின் முற்பகுதியில் பட்டம் வாங்கிய ஏறத்தாழ 6,000 பேர். வீட்டுக்கு வீடு இணையம் வராத காலத்தில் இத்தனை பேரின் முகவரியைப் பிடிப்பது எத்தனை பொறுமை கேட்கும் வேலை என்று எண்ணிப் பார். ஒரு தேற்றத்தை நிறுவுவதற்குக் கொடுக்கும் மரியாதையை இதற்கும் கொடுக்க வேண்டும் என்பேன்.

ஆங்கிலத்தில் முனைவர் பட்டம் வாங்கினால் டாக்ஸி ஓட்ட வேண்டியதுதான் என்பது அங்கே நெடுங்கால வதந்தி. உண்மையில், பத்தாண்டு கழித்துப் பாதிக்கு மேற்பட்டோர் நிரந்தரப் பேராசிரியப் பணியில் இருந்தார்கள். மற்றவர்கள் வீணாய்ப் போகவில்லை. பதிப்பாசிரியர்களாகவும் நிர்வாகிகளாகவும் நிறுவனங்களில் மேலாளர்களாகவும் இருந்தார்கள், பலர் மனநிறைவோடு இருந்தார்கள். அவர்களுடைய குறை வேறு: வேலை தேடுவதற்குத் துறை கைகொடுக்கவில்லை, குழுவாக வேலை செய்யக் கற்றுத்தரவில்லை. உயிர்வேதியியலில் நிலை தலைகீழ். வேலையில்லை என்ற வதந்தி அங்கே இல்லை, ஆனால் பெரும்பான்மையோர் போஸ்ட் டாக் என்ற காத்திருப்பு அறைக்குள் போய் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள்.

பேராசிரியர் ஆகாதவன் தோற்றவன் என்று ஆசிரியர்கள் மாணவர்கள் முன்னால் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. தன்னைப் போல ஆகாத மாணவன் எங்கே இருக்கிறான் என்று அந்த ஆசிரியர் ஒருநாளும் விசாரித்திருக்க மாட்டார். விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது ஆய்வாளன் செய்யக்கூடிய காரியமா?

சியாட்டில் மையம் இந்த விசாரிப்பைத் தொடர்ந்தது. எலிசபெத் ரட் உள்ளிட்ட சமூக அறிவியலாளர்கள் அங்கே சேர்ந்து, மானுடவியல், வரலாறு, சமூகவியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவர்களை ஐந்து ஆண்டுக்கு மேல் கழித்து அணுகினார்கள். ஆய்வேடு முடித்து வேலை தேடும் அதே ஆண்டுகளில்தான் பலருக்குத் திருமணமும் குழந்தையும் வருகின்றன. பெண்களில் பலருக்குக் கணவரும் உயர்பட்டம் பெற்றவர். இரண்டு பேருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது ஒருவர் விட்டுக்கொடுக்க நேர்கிறது. இதைத் தனிப்பட்ட வீட்டு விவகாரம் என்று ஒதுக்காமல் கணக்கில் எடுத்தது அந்த மையத்தின் பெரிய பணி என்று நினைக்கிறேன். பின்னர் நெராட் பல நாட்டு ஆய்வாளர்களைக் கூட்டி முனைவர் கல்வி உலகெங்கும் எப்படி மாறுகிறது என்று தொகுப்பு நூல்கள் கொண்டுவந்தார். அவற்றில் 2022-இல் யுசிஎல் பிரஸ் வெளியிட்டதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அதில் தொடங்கு.

இனி உன் பதிவு. நீ சேர நினைக்கும் துறைக்குப் போகும்போது நூலகத்தையும் கருவிகளையும் பார்ப்பதோடு நிற்காதே. பத்தாண்டுக்கு முன் அங்கே வைவா முடித்தவர்கள் யார் யார், இப்போது என்ன செய்கிறார்கள், நடுவில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் என்று கேள். பட்டியல் கையில் இருந்தால் எடுத்துக் காட்டுவார்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று பழைய மாணவர்களின் தொலைபேசி எண்ணையாவது வாங்கிக்கொண்டு வா. அவர்களிடம் பேசிவிட்டு எனக்கு எழுது. தலைப்பைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.

அன்புடன்,
உன் ஆசிரியர்