காட்டு இஞ்சி

இஞ்சிப் பாத்தியில் அழுகல் விழுந்த ஆண்டுகளில் நம் மலைப்பகுதி அங்கத்தினர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பர். "தோட்டத்திற்கு மேலே காட்டோரத்தில் தானாக முளைத்து நிற்கும் இஞ்சிக்கு ஒரு நோயும் வருவதில்லை. நாம் கொத்தி உரமிட்டு வளர்ப்பது மட்டும் ஏன் அழுகுகிறது? அந்தக் காட்டுக் கிழங்கையே விதையாக ஊன்றினால் என்ன?" என்பது அக்கேள்வி. இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி கைப்பொருளை இழக்கச் செய்வது. ஆகவே இம்மாதப் பாடத்திற்குக் காட்டு இஞ்சியையே எடுத்துக்கொண்டோம்.

கைப்பொருள் இழந்த கதை நமக்குப் புதிதன்று. சில ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் பெயரால் அனுப்பிய சுக்கு மூட்டைகளில் இரண்டை வியாபாரி அவிழ்த்துப் பார்த்து, துண்டுகள் சில கசக்கின்றன என்று கூறிச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். விசாரித்தபோது, அங்கத்தினர் ஒருவர் அழுகிப்போன இடங்களை நிரப்புவதற்காகக் காட்டுக் கிழங்கைக் கொண்டுவந்து ஊன்றியிருந்தது தெரிந்தது. அவர் வஞ்சனை நினைத்தவர் அல்லர். இரண்டும் இஞ்சிதானே என்று நம்பியவர். ஆயினும் மூட்டைகள் ஒன்றாகக் கலந்திருந்தமையால் நல்ல சுக்கு கொடுத்தவர்களும் அந்த நஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள நேர்ந்தது. எடைமேடையில் நின்று அந்த மூட்டைகளை வாங்கிக்கொண்டவர்கள் நாமே. செடியைச் செடியாகப் பார்த்துப் பிரிக்க அன்று நமக்குத் தெரியவில்லை.

காட்டில் வளரும் இஞ்சி ஒன்றன்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் இஞ்சிப் பேரினத்தைச் சேர்ந்த செடிகள் பல உள்ளன. அவற்றுள் நம் மக்கள் பெரும்பாலும் எதிர்ப்படுவதும், இங்கே நாம் விவரிக்கப்போவதும், தாவர நூலார் 'சிஞ்சிபெர் செரும்பெத்' என்று வழங்கும் இனம். கடல்மட்டத்தை ஒட்டிய ஈரமான நிழற்காடுகள் முதல் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்து மலைச்சாரல் வரை இது வளரும். இந்தியாவிலும், கிழக்கே மலாய் நாடு வரையிலும் இதைக் காணலாம்.

பெயரின் வரலாறு சுவையானது. மலையாளக் கரையில் டச்சுக்காரரின் அதிகாரியாக இருந்த வான் ரீடு என்பவர், அப்பகுதியின் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் 12 பாகங்கள் கொண்ட பெருநூலை 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வெளிவரச் செய்தார். அந்நூலுக்குத் துணை நின்றவர்களில் இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் முதன்மையானவர். அதன் பதினோராம் பாகத்தில் இச்செடி 'காட்டு இஞ்சிக் குவா' என்ற பெயருடன் படமாக வரையப்பட்டுள்ளது. பின்னர் லின்னேயஸ் 1753இல் இதனை 'அமோமம்' என்னும் பேரினத்தில் வைத்தார். 1806இல் ஸ்மித் என்னும் ஆங்கிலேயத் தாவர நூலார் இஞ்சிப் பேரினத்திற்கு மாற்றினார். 'செரும்பெத்' என்பது பாரசீக, அரபு வணிகர் வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. 'சிஞ்சிபெர்' என்பதோ, நம் 'இஞ்சி வேர்' வடமொழி, கிரேக்கம், இலத்தீன் வழியாகத் திரிந்த உருவம் என்று மொழிநூலார் பலர் கொள்கின்றனர். சரக்கோடு அதன் பெயரும் கப்பலேறிப் போயிற்று போலும்.

இனிச் செடியைப் பார்ப்போம். முதல் மழையில் முளைத்து, ஒரு முழம் முதல் ஆள் உயரம் வரை வளரும். நல்ல ஈரமும் நிழலும் வாய்த்தால் இரண்டு மீட்டரைத் தொடுவதும் உண்டு. தண்டு என்று நாம் கையால் பிடிப்பது மெய்யான தண்டன்று. வாழையில் உள்ளதுபோல் இலைகளின் அடிமடல்கள் ஒன்றையொன்று சுற்றி அமைந்த பொய்த்தண்டே அது. மெய்யான தண்டு மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு. கிழங்கு வேர்தானே என்று கேட்பவருக்கு ஒரு சோதனை சொல்வோம். வேரில் கணுவும் மொட்டும் இரா. இஞ்சிக் கிழங்கில் வளையம் வளையமாகக் கணுக்களும், கணுவில் செதிலும் மொட்டும் உள்ளன. அம்மொட்டுகள் இருப்பதனால்தான் ஒரு துண்டை ஊன்றினால் அது செடியாகிறது.

இலைகள் தண்டின் இருபுறமும் இரண்டு வரிசையாக மாறி மாறி அமைந்திருக்கும். ஒவ்வோர் இலையும் 15 முதல் 40 சென்டிமீட்டர் நீளமும், 3 முதல் 8 சென்டிமீட்டர் அகலமும் இருக்கும். பயிரிடும் இஞ்சியின் இலை பெரும்பாலும் இரண்டு விரற்கடைக்கு மேல் அகலாது. இதனை நினைவில் கொண்டால் பூக்காத காலத்திலும் ஐயம் கொள்ள இடமுண்டு. ஐயம் என்றே சொல்கிறோம். தீர்ப்பை இலையைக் கொண்டு எழுதிவிடக் கூடாது. நிழலில் நின்ற தோட்ட இஞ்சியும் சற்று அகன்ற இலை விடும். இலையை மெல்லத் தண்டிலிருந்து விலக்கினால், மடலும் அலகும் கூடுமிடத்தில் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். இதற்குச் சிறுநா என்று பெயர்.

பூவைப் பற்றியே விரிவாகச் சொல்ல வேண்டும். தீர்ப்பு அங்கேதான் இருக்கிறது. ஆடி மாதம் தொடங்கி இலைத்தண்டுக்குப் பக்கத்தில், கிழங்கிலிருந்தே, இலையற்ற தனித் தண்டு ஒன்று ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் வரை மேலெழும்பும். அதன் நுனியில் ஊமத்தங்காய் அளவினும் பெரிய, முட்டை வடிவான கூம்பு ஒன்று அமையும். இது 6 முதல் 15 சென்டிமீட்டர் நீளமிருக்கும். கூம்பு ஒரு பூவன்று. ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பூவடிச் செதில்களின் தொகுதி. இளமையில் பச்சையாக இருக்கும் இச்செதில்கள் நாளாக நாளாக அடியிலிருந்து சிவந்து, புரட்டாசி வாக்கில் கூம்பு முழுவதும் செக்கச் சிவந்துவிடும். செதில்களின் இடுக்குகளில் குழகுழப்பான நீர் தேங்கியிருக்கும். கூம்பைக் கையில் பிடித்து நசுக்கினால் அந்நீர் வழிந்தோடும்.

மெய்யான பூக்கள் அச்செதில்களின் கக்கங்களிலிருந்து ஒன்றிரண்டாக எட்டிப் பார்க்கும். ஒரு பூவின் வாழ்வு ஒரு நாளுக்கு மேல் இல்லை. புல்லி சவ்வுபோல் மெல்லியது. அல்லி இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயாகி, மேலே மூன்று வெளிர்மஞ்சள் மடல்களாகப் பிரியும். எல்லாவற்றினும் கண்ணைக் கவர்வது முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் வெளிர்மஞ்சள் உதடு. அது இதழ் என்றே எவரும் நினைப்பர். ஆனால் மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் மலடாகி, ஒன்றாய்க் கூடி, தட்டையாக விரிந்து உதடாகியுள்ளன. மகரந்தம் தரும் கேசரம் ஒன்றே எஞ்சியிருக்கிறது. அதன் நுனி பறவையின் அலகுபோல் நீண்டு வளைந்திருக்கும். சூல்தண்டு தனியே நிற்க வலுவற்றதாகையால், அந்தக் கேசரத்தின் இரு மகரந்தப் பைகளுக்கு இடையே புகுந்து, அலகின் அணைப்பில் நுனிவரை செல்கிறது. இஞ்சிப் பேரினம் முழுவதற்கும் இவ்வலகு பொது அடையாளம். வெறுங்கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். சிறுவர்களுக்குக் காட்டினால் மறக்கமாட்டார்கள்.

பயிரிடும் இஞ்சி அரிதாகவே பூக்கும். பூத்தால் அதன் கூம்பு ஒடுங்கியதாய், பச்சைச் செதில்களோடு இருக்கும். உதடு கருஞ்சிவப்பு கலந்த ஊதா நிறமாய், மஞ்சட்புள்ளிகள் தெளித்ததுபோல் காணப்படும். வெளிர்மஞ்சள் உதடும் சிவந்த கூம்பும் கண்டால் அது காட்டு இஞ்சி. புள்ளியிட்ட ஊதா உதடு கண்டால் நம் இஞ்சி. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சிவந்த கூம்பைக் கண்டவுடன் ஏமாறுவதற்கும் வழி உண்டு. கோஷ்டம் என்று சிலர் சொல்லும் செடியும் செங்கூம்பு உடையதே. ஆனால் அதன் கூம்பு இலைத்தண்டின் உச்சியிலேயே அமையும். பூ பெரியதாய் வெண்மையாக இருக்கும். இலைகள் தண்டைச் சுற்றிச் சுருட்படிக்கட்டுபோல் ஏறும். கசக்கினால் இஞ்சி மணம் வராது.

காட்டு இஞ்சியின் காய் ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள சிறு வெடிகனி. உள்ளே கருமையான விதைகள் இருக்கும். விதை உண்டாயினும் செடி பரவுவது பெரும்பாலும் கிழங்கினாலேயே. பனிக்காலம் வந்ததும் மேற்பாகம் முழுவதும் காய்ந்து மடிந்துவிடும்; கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்.

அக்கிழங்கைக் கீறினால் உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்கும். நறுமணம் உண்டு; ஆனால் நம் இஞ்சியின் மணமன்று. நாவில் வைத்தால் முதலில் மணமும், பின்னர் நெடுநேரம் நீங்காத கசப்பும் தெரியும். காரணம் வெளிப்படை. நம் இஞ்சியின் காரத்திற்குக் காரணமான பொருள் ஜிஞ்சரால். உலர்ந்து சுக்காகும்போது அதில் ஒரு பகுதி அதனினும் காரமான ஷோகாலாக மாறுகிறது. காட்டு இஞ்சியின் எண்ணெயில் மிகுந்திருப்பது செரும்போன் என்னும் வேறொரு பொருள். எத்தனை நாள் வெயிலில் உலர்த்தினாலும் காட்டுக் கிழங்கு சுக்காகாது.

நெசவாளர் அங்கத்தினர்களுக்கும் இச்செடியில் ஒரு செய்தி இருக்கிறது. பசிபிக் சமுத்திரத்துப் பாலினேசிய மக்கள் தம் தோணிகளில் இக்கிழங்கை ஏற்றிச் சென்று, தாம் குடியேறிய ஹவாய்த் தீவுகளில் நட்டனர். அங்கு இதன் பெயர் 'அவபுஹி குவாஹிவி'. மலை இஞ்சி என்பது பொருள். கூம்பிலிருந்து பிழிந்த நீரால் அவர்கள் தலை முழுகினர். அவர்களுடைய 'கபா' என்னும் துணி தறியில் நெய்ததன்று. மரத்தின் உட்பட்டையை ஊறவைத்துத் தட்டித் தட்டி விரித்தது. அத்துணியை மடித்து வைக்கும்போது, சீவி உலர்த்தி இடித்த இக்கிழங்கின் பொடியை மணத்திற்காக இடையே தூவினர். பட்டுச்சேலை மடிப்பில் வசம்பு வைக்கும் நம் இல்லத்துப் பெண்களுக்கு இது விளங்கும்.

இப்பொழுது அங்கத்தினர்களின் கேள்விக்கு வருவோம். மென்னழுகலை உண்டாக்குவது 'பித்தியம்' என்னும், பூஞ்சையைப் போன்ற நுண்ணுயிர். அதன் வித்துகள் நீரில் நீந்திச் செல்ல வல்லவை. ஆகையால்தான் தண்ணீர் தேங்கிய பாத்தியில் ஒரு செடியில் கண்டது பத்து நாளில் வரிசை முழுவதும் பரவுகிறது. கீழிலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகும். தண்டின் அடி நீர் கோத்ததுபோல் ஆகும். இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும். காட்டு இஞ்சி இந்நுண்ணுயிரை எதிர்க்க வல்லது என்பது கற்பனையன்று. திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்து ஆராய்ச்சியாளர்கள் இதனைச் சோதித்து 2008இல் வெளியிட்டுள்ளனர். எதிர்ப்பாற்றல் எல்லாச் செடிகளிலும் ஒரே அளவாக இல்லை என்பதும் அவ்வாய்வில் தெரிந்தது. எனவே, நோயை எதிர்க்கும் குணம் இவ்வினத்திடம் இருக்கிறது என்ற மட்டில் நம் அங்கத்தினர் சொன்னது மெய்யே.

அக்குணத்தை நம் இஞ்சிக்கு மாற்றுவது எப்படி? நெல்லில் செய்வதுபோல் மகரந்தம் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கலாம் என்றால், நம் இஞ்சி விதை வைப்பதில்லை. எத்தனையோ தலைமுறைகளாகக் கிழங்கினாலேயே வளர்க்கப்பட்டு வந்த அது, இன்று காட்டில் தானாக வளரும் நிலையில் எங்கும் அறியப்படவில்லை. ஒட்டுக் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். மாமரத்தில் ஒட்டுப் பிடிப்பது பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளரும் திசு இருப்பதால். இஞ்சி, வாழை, தென்னை போன்ற ஒருவித்திலைச் செடிகளில் அத்திசு இல்லை. நம் தோட்டத்து ஒட்டுக்கத்தி அங்கே பயன்படாது. நுண்ணிய மரபுக்கூறுகளை ஆராய்வதே எஞ்சிய வழி. அது ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை.

காட்டு இஞ்சி அழுகாமல் நிற்பதற்கு அதன் உடற்குணம் மட்டுமே காரணம் என்றும் நாம் எண்ணவில்லை. அது நிற்பது சரிவில், நீர் தங்குவதில்லை. செடிக்குச் செடி இடைவெளி மிகுதி. அதன் கிழங்கை யாரும் துண்டு துண்டாக அறுத்துக் காயப்படுத்தி ஊன்றுவதில்லை. ஒரே மண்ணில் ஆண்டுதோறும் நெருக்கி நடுவதும் இல்லை. இவை நம் கையில் இருப்பவை. ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு சாண் உயர மேட்டுப்பாத்தி, வடிகால், அழுகல் காணாத பாத்தியிலிருந்து மட்டும் எடுத்த விதைக் கிழங்கு, அடுத்த ஆண்டு வேறு பயிர் ஆகியவற்றால் காட்டுச் சரிவின் நன்மையில் ஒரு பங்கை நாம் தோட்டத்திற்குக் கொண்டுவரலாம். நோய் கண்ட செடியைச் சுற்றியுள்ள மண்ணோடு தோண்டி அப்புறப்படுத்துவதில் ஒரு நாளும் தாமதம் கூடாது.

காட்டுக் கிழங்கைத் தோட்டத்தில் ஊன்றுவதை மட்டும் அறவே விடுக. தண்டு துளைக்கும் புழு இஞ்சிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றிலும் தங்கி வாழ்வது. காப்புக்காட்டில் அனுமதியின்றிக் கிழங்கு தோண்டுவது சட்ட விரோதமும் ஆகும். பார்த்து அறிவதற்குத் தோண்ட வேண்டியதில்லை. ஆவணி, புரட்டாசி மாதங்களில் காட்டோரப் பாதையில் நின்று கூம்பையும் உதட்டையும் பார்த்தாலே போதும்.

சுக்குக் கொள்முதல் குறித்து ஒரு மாற்றம். இனி எடைமேடைக்கு வரும் ஒவ்வொரு மூட்டையிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்து துண்டுகள் எடுக்கப்படும். அவற்றை உடைத்து, கொண்டுவந்த அங்கத்தினரும் எடை போடுபவரும் இருவருமே நாவில் வைத்துப் பார்ப்பர். காரம் தெரிந்தால் சீட்டு எழுதப்படும். கசப்புத் தெரிந்தால் அம்மூட்டை பிறவற்றோடு சேராமல் தனியே வைக்கப்படும். அதைப் பொறுக்கிப் பிரித்துக் கொடுக்க மூன்று நாள் தவணை உண்டு.