அட்வான்ஸ் கொடுத்தாச்சு, பத்திரம் முடிச்சுத் தர மறுக்கிறாரா?

வீட்டு மனை வாங்கப் பேசி முடித்துவிட்டீர்கள். விலை 40 லட்சம் ரூபாய். 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் மீதியைக் கொடுத்துக் கிரையம் செய்துகொள்வதாக அக்ரிமெண்டும் போட்டாச்சு. ஐந்தாவது மாதம் அந்தப் பக்கம் புதிய சாலை வருகிறது என்று பேச்சு கிளம்புகிறது. மனை விலை ஏறுகிறது. உடனே உரிமையாளரிடமிருந்து போன்: "அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கோங்க, இப்ப விக்கிற ஐடியா இல்லை."

பணத்தை வாங்கிக்கொண்டு ஒதுங்குவது ஒரு வழி. "பேசியபடி எனக்கே கிரையம் செய்து தர வேண்டும்" என்று நீதிமன்றத்தில் கேட்பது இன்னொரு வழி. நம் நீதிமன்றங்களில் இதற்குப் பெயர் 'ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு'. இந்த வழக்கில் யார் ஜெயிக்கிறார்கள், யார் கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

அக்ரிமெண்ட் கையில் இருந்தால் மனை என்னுடையதா?

இல்லை. சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882, பிரிவு 54-ன்படி கிரைய ஒப்பந்தம் மட்டும் உங்களை உரிமையாளர் ஆக்காது. கிரையப் பத்திரம் பதிவானால்தான் சொத்து உங்களுடையது. ஒப்பந்தம் தருவது, "சொன்னபடி விற்றுக் கொடு" என்று கேட்கும் உரிமையை மட்டுமே.

அந்த உரிமையை நிறைவேற்றித் தருவது குறித்தவகை நிவாரணச் சட்டம் 1963. வக்கீல்கள் 'ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்' என்பார்கள். முன்பு ஒப்பந்தம் உண்மை என்று நிரூபணமானாலும், கிரையம் செய்து தர உத்தரவிடுவதா வேண்டாமா என்பது நீதிமன்றத்தின் விருப்புரிமையாக இருந்தது. 2018 அக்டோபர் 1 முதல் அமலான திருத்தம் இதை மாற்றியது. இப்போது சட்ட நிபந்தனைகள் பூர்த்தியானால் ஒப்பந்தத்தை நீதிமன்றம் நிறைவேற்றித் தர வேண்டும்.

அந்த நிபந்தனைகளில் ஒன்றில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

மதுரை வீடு சொல்லும் பாடம்

1978-ல் மதுரையில் ஒரு வீட்டுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. விலை 60,000 ரூபாய். அட்வான்ஸ் 5,000 ரூபாய். மீதியைக் கொடுத்துக் கிரையம் முடிக்க ஆறு மாதம் கெடு. ஆனால் வாங்குபவர் இரண்டரை ஆண்டுக்கு மேல் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போட்டார். அதற்குள் மதுரையில் சொத்து விலை நன்றாக ஏறியிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சிறு தொகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு இவ்வளவு காலம் சும்மா இருந்தவருக்குக் கிரையம் செய்து தர உத்தரவிட முடியாது என்று 1997-ல் தீர்ப்பு வந்தது.

அது பழைய சட்டப்படி வந்த தீர்ப்பு. ஆனால் அதன் அடிப்படையான ஒரு கேள்வி இன்றும் பிரிவு 16-ல் அப்படியே இருக்கிறது: உங்கள் பங்கைச் செய்ய நீங்கள் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்களா? இதை நிரூபிக்க வேண்டியது வழக்குப் போடுகிறவர். விற்பவர் ஏமாற்றினார் என்று காட்டினால் மட்டும் போதாது.

'தயார்' என்பது பணம் புரட்டும் வசதி. 'விருப்பம்' என்பது நடத்தை. இரண்டும் வேண்டும். பேங்கில் பணம் இருந்தும் கெடு தாண்டி வாய் திறக்காதவரிடம் விருப்பம் இல்லை. வாரா வாரம் போன் செய்து கேட்டாலும் மீதிப் பணத்துக்கு வழி காட்ட முடியாதவரிடம் தயார்நிலை இல்லை.

அதற்காக 35 லட்சத்தை ரொக்கமாகக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. நீதிமன்றம் கட்டச் சொன்னால் தவிர, பணத்தை முன்கூட்டியே கட்டத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. பணத்துக்கான வழி உங்களிடம் இருந்தது என்று காட்டினால் போதும்.

எதையெல்லாம் பத்திரப்படுத்த வேண்டும்?

• அட்வான்ஸை பேங்க் மூலமே கொடுங்கள். சொத்து விற்பனைக்கான முன்பணம் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது வருமான வரிச் சட்டம். ரொக்கத்துக்கு ரசீது இருந்தாலும் பின்னால் தகராறு வரும்.

• கெடு தேதியை ஒட்டிய உங்கள் பேங்க் ஸ்டேட்மெண்ட், வீட்டுக்கடன் அனுமதிக் கடிதம், டெபாசிட் ரசீது ஆகியவற்றைத் தனிக் கோப்பில் வையுங்கள்.

• வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள். "பணம் ரெடி, எந்தத் தேதியில் வருகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்டது பதிவாக இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகும் அந்த போனை மாற்றிவிடாமல் வைத்திருங்கள்.

• கெடு முடியும் முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். எந்தத் தேதியில், எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மீதித் தொகையுடன் காத்திருப்பீர்கள் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ஒப்புகையை வாங்கி வையுங்கள்.

பதிவு செய்யாத அக்ரிமெண்ட் செல்லுமா?

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் அசையாச் சொத்துக் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும்.

பதிவு செய்யாமல் விட்டவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பதிவுச் சட்டம் பிரிவு 49-ன் காப்புரைப்படி, ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில் அத்தகைய ஒப்பந்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2023-ல் உச்ச நீதிமன்றம் கூறியது.

ஆனாலும் பதிவை விட்டுவிடாதீர்கள். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் தெரியும். உரிமையாளர் அதே மனையை வேறொருவருக்கு விற்றால், "எனக்கு எதுவும் தெரியாது, நம்பி வாங்கினேன்" என்று அவர் சொல்வது கடினம். ஒப்பந்தம் பற்றி அறியாமல், நல்லெண்ணத்தில் முழு விலை கொடுத்து வாங்கியவரைச் சட்டம் பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு எதிராகப் போகாமல் தடுப்பது உங்கள் பதிவுதான்.

எத்தனை நாளுக்குள் வழக்குப் போட வேண்டும்?

ஒப்பந்தத்தில் கெடு தேதி இருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுகள். கெடு குறிப்பிடவில்லை என்றால், விற்க மறுக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். அதற்குப் பிறகு கதவு மூடிவிடும்.

மூன்று ஆண்டு இருக்கிறதே என்று ஆற அமர இருக்க வேண்டாம். மூன்று ஆண்டு அவகாசம் இருப்பதால் ஓரிரு ஆண்டு காத்திருந்துவிட்டு வழக்குப் போடலாம் என்று பொருளல்ல என்பதை 2011-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. அவர் மறுத்த மாதமே வக்கீலைப் பாருங்கள்.

வழக்கில் என்னென்ன கேட்க வேண்டும்?

சொத்து எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தப் பகுதி சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போட வேண்டும். நீதிமன்றக் கட்டணம் ஒப்பந்த விலையின் அடிப்படையில் 3 சதவீதம். 40 லட்சம் என்றால் 1,20,000 ரூபாய். கொடுத்த அட்வான்ஸுக்கு மட்டும்தான் கட்டணம் என்று நினைத்து வருபவர்கள் இங்கே திகைத்துப்போவார்கள். முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

பிராதில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றனவா என்று வக்கீலிடம் கேளுங்கள்: கிரையம் செய்து தர உத்தரவு, சொத்தின் சுவாதீனம், கிரையம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர உத்தரவு. கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் தராது. விட்டுப்போனால் இடையில் மனுப் போட்டுச் சேர்க்க வழி உண்டு, ஆனால் முதலிலேயே கேட்பது நல்லது. வேறொருவருக்கு விற்காமலிருக்க இடைக்காலத் தடை உத்தரவும் கோரலாம்.

சம்மன் சேர்ப்பிக்கப்பட்டதிலிருந்து 12 மாதத்தில் வழக்கை முடிக்க வேண்டும், தேவைப்பட்டால் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்பது சட்டத்தின் கெடு. அதற்குப் பிறகு மேல்முறையீடும் வரலாம் என்பதை மனதில் வையுங்கள்.

ஜெயித்த பிறகும் ஒரு கெடு உண்டு

தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், மீதித் தொகையைக் கட்ட நீதிமன்றம் ஒரு காலம் குறிக்கும். அதைத் தவறவிட்டால், ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கோரி விற்பவர் அதே வழக்கில் மனுப் போடலாம். ஜெயித்தவர்கள் இங்கே தோற்றுவிடக் கூடாது. பணத்தைக் கெடுவுக்குள் கட்டிய பிறகும் விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தால் கவலை வேண்டாம். நிறைவேற்று மனுப் போட்டால் அவர் சார்பில் நீதிமன்றமே கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட்டுத் தரும்.

உங்கள் போனிலேயே செய்யக்கூடியவை

அட்வான்ஸ் கொடுக்கும் முன், பதிவுத்துறையின் டிஎன் ரெஜிநெட் தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். பட்டா விவரத்தை வருவாய்த்துறையின் இணையவழிச் சேவையில் சரிபாருங்கள். வழக்குப் போட்ட பிறகு, இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இட்டால் அடுத்த வாய்தா தேதி தெரியும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையா? 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு இல்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால், கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

இப்போது உங்கள் கையில் ஒரு கிரைய ஒப்பந்தம் இருந்தால், இன்று ஒரு வேலை செய்யுங்கள். அதை எடுத்துக் கெடு தேதியைப் பாருங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போனில் அலாரம் வையுங்கள். அது அடிக்கும் நாளில் மீதிப் பணத்துக்கான ஆதாரம் கையில் இருக்கட்டும், உரிமையாளருக்கு நோட்டீஸ் கிளம்பட்டும்.