மேசையிடம் எப்போது பேசுவது?

அன்புத் தம்பிக்கு,

கூடைப்பந்து அணியின் முதல் அசிஸ்டென்ட் கோச்சாக பெஞ்சில் உட்காரப் போவதாக எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. பல வருஷம் ஸ்கோரர் மேசையில் பேனா பிடித்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன்.

ஒரு ஆட்டத்தில் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கோச் மேசைமேல் குனிந்து, "எங்களுக்கு எத்தனை ஃபவுல் சார்?" என்றார். நிமிர்ந்தேன். அந்த நொடியில் ஒரு கூடை விழுந்தது. போட்டது யார்? இரண்டா, மூன்றா? மூன்று என்றால் ஷீட்டில் ஆட்டக்காரர் எண்ணைச் சுற்றி வட்டம் போட வேண்டும். பக்கத்தில் இருந்த உதவி ஸ்கோரர் பார்த்திருந்ததால் பிழைத்தேன்.

உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபாவின் விதி இதற்காகத்தான் கறாராக இருக்கிறது. ஆட்டத்தின்போது தலைமை கோச்சும் நீயும் மட்டுமே மேசையிடம் பேசலாம். அதுவும் டெட் பால் ஆகி, கடிகாரம் நின்ற பிறகு. ஸ்கோர், நேரம், ஸ்கோர்போர்டு, ஃபவுல் கணக்கு, இவற்றைக் கேட்கலாம். டைம்-அவுட் கேட்கும் உரிமையும் உங்கள் இருவருக்குத்தான். ஸ்கோரரின் கண்ணைப் பார்த்துக் கைச்சைகை காட்டினாலே போதும். ஆள் மாற்றம் இதற்கு நேர்மாறு. உள்ளே இறங்கும் ஆட்டக்காரரே மேசைக்கு வந்து கேட்க வேண்டும். நீ கத்தினால் செல்லாது.

போர்டில் ஸ்கோர் தப்பாகத் தெரிந்தால் கொதிக்காதே. தலைமை நடுவர் ஷீட்டில் கையெழுத்திடும்வரை ஸ்கோர் பிழையைத் திருத்தலாம். மேசையிடம் மரியாதை தவறினால் டெக்னிகல் ஃபவுல். பெஞ்சில் வாய் விட்டவர் யாரானாலும் அது தலைமை கோச்சின் கணக்கில் ஏறும். எதிரணிக்கு 1 ஃப்ரீ த்ரோ.

அதற்காகக் கேட்காமலும் இருந்துவிடாதே. 1993 ஏப்ரல் 5, நியூ ஆர்லியன்ஸ், அமெரிக்கக் கல்லூரி அணிகளின் இறுதிப் போட்டி. 11 விநாடி பாக்கி. நார்த் கரோலைனா 73, மிச்சிகன் 71. தன் பெஞ்சுக்கு எதிரிலேயே மூலையில் இருவரிடம் மாட்டிக்கொண்ட மிச்சிகனின் கிறிஸ் வெபர் டைம்-அவுட் சைகை காட்டினார். அணியிடம் ஒன்றுகூட மிச்சமில்லை. டெக்னிகல் ஃபவுல், 77-71 என்று தோல்வி.

அங்கே ஆட்டக்காரரே டைம்-அவுட் கேட்கலாம். ஃபிபா விதியில் முடியாது என்பதால், எண்ணி வைக்கும் பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். இரண்டாம் பாதிக்கு 3 டைம்-அவுட். ஆனால் கடைசி 2 நிமிடத்தில் 2-க்கு மேல் கிடையாது. மூன்றையும் சேர்த்து வைத்தால் ஒன்று வீண்.

ஆகவே அந்த 2 நிமிடத்துக்குச் சற்று முன்பு, டெட் பால் ஆனதும் எழுந்து போய் மெல்லக் கேள்: "எங்களுக்கு எத்தனை பாக்கி?"

அன்புடன்,
அண்ணன்