பாடம் 2: நாம் திரும்பும் மாத்தளை மாவட்டம்

இம்மாவட்டத்தில் பிறந்து, பின்னர் வன்னியிலோ தமிழ்நாட்டு முகாம்களிலோ வாழ்ந்து, இப்போது திரும்பும் குடும்பங்களுக்கான பாடம் இது. முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கு மாத்தளை கேள்விப்பட்ட ஊர் மட்டுமே. ஆகவே பெரியவர்கள் இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து வாசியுங்கள்.

அமைவிடம்

மாத்தளை, மத்திய மாகாணத்தின் மூன்று மாவட்டங்களில் வடக்கே உள்ளது. கண்டி, நுவரெலியா ஆகியவை மற்றைய இரண்டு. மாத்தளையின் பரப்பளவு ஏறத்தாழ 1,993 சதுர கிலோமீற்றர். தெற்கே கண்டி, மேற்கே குருநாகல், வடக்கே அநுராதபுரம், வடகிழக்கே பொலன்னறுவை ஆகிய மாவட்டங்கள் எல்லைகளாக உள்ளன. இங்கு 11 பிரதேச செயலகப் பிரிவுகள் உண்டு. உங்கள் தோட்டம் அல்லது கிராமம் எந்தப் பிரிவுக்குரியது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எல்லா விண்ணப்பங்களுக்கும் அது தேவைப்படும்.

மலையும் சமவெளியும்

தெற்கும் கிழக்கும் மலைப்பாங்கானவை. இரத்தோட்டை, எல்கடுவை, உக்குவெல பக்கங்களில் தேயிலை, இறப்பர், மிளகு, கராம்பு, கொக்கோ விளைகின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் நிற்கிறது. வடக்கே நாவுல, தம்புள்ளை, கலேவெல ஆகியவை உலர்ந்த சமவெளி. அங்கு குளத்து நீரை நம்பி நெல்லும் வெங்காயமும் மரக்கறியும் பயிராகின்றன. அம்பன் கங்கை இம்மாவட்டத்தினூடாக ஓடி மகாவலியில் கலக்கிறது.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். மலைச்சரிவில் வீடு கட்டுவதற்கு முன் அந்த இடம் மண்சரிவு அபாயமற்றதா என்று பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று நீர் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் உடனே வீட்டை விட்டு வெளியேறுங்கள்.

வரலாறு

கி.மு. முதலாம் நூற்றாண்டில் பௌத்த திரிபிடகம் மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையில் ஏட்டில் எழுதப்பட்டதாகக் கூறப்படுகிறது. சீகிரியாவும் தம்புள்ளைக் குகை விகாரையும் இம்மாவட்டத்திலேயே உள்ளன. 1848இல் ஆங்கிலேயர் விதித்த புதிய வரிகளை எதிர்த்து இங்கு கிளர்ச்சி எழுந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான வீர புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே காலத்தில்தான் நம் முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலேயே இறந்தவர் பலர். 1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் அதன் இடத்தைப் பிடித்தன. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த் திருவிழா அம்மக்களின் உழைப்பால் வளர்ந்தது.

1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களைப் பிரித்தது. 1977, 1983 வன்செயல்களில் வீடிழந்தவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சென்றனர். அங்கிருந்து போர் பலரைக் கடல் கடக்கச் செய்தது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே செல்லும் ஏ-9 வீதி, அன்று முன்னோர் வந்த திசையிலேயே அவர்களின் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய வீதியாயிற்று.

இன்று

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கியது. இந்திய முகாம்களில் இருந்தவர்களுக்காக 2009இல் அது திருத்தப்பட்டது. எனவே நீங்கள் விருந்தினராக வரவில்லை; உரிமையுள்ளவராக வருகிறீர்கள். எனினும் உரிமையைக் காட்ட ஆவணம் வேண்டும். பழைய பிறப்புச் சான்றிதழ், தோட்டப் பதிவு, பாடசாலை விடுகைப் பத்திரம் எதையும் எறிய வேண்டாம். பிள்ளைகள் இந்தியாவில் பிறந்திருந்தால் அவர்களின் இலங்கைக் குடியுரிமைப் பதிவைத் தாமதிக்காதீர்கள். வந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் குடும்பத்தைப் பதியுங்கள்.

பயிற்சி

1. உங்கள் பிரதேச செயலகப் பிரிவு எது?
2. மாத்தளையின் தெற்கிலும் வடக்கிலும் விளையும் பயிர்கள் எவை?
3. உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தது, எந்த ஆண்டில் வெளியேறியது? வீட்டில் மூத்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஆவணம் தேடும்போது அந்தக் குறிப்பே முதல் துணை.